மாமாவுக்குச் செய்த செருப்பு பெஞ்ச்

மன நிம்மதியின் விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஜிஎஸ்டி தனி. வீட்டுக்கே வந்து வைத்துக் கொடுப்போம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்குள் என்றால் வண்டி வாடகையும் கிடையாது.

என் கடையின் வாட்ஸ்அப் விளம்பரத்தில், செருப்பு பெஞ்சின் படத்துக்குக் கீழே இதைத்தான் போட்டிருக்கிறேன். பேரம் பேசுகிறவர்களுக்குப் பதினேழாயிரம். பேசத் தெரிந்தவர்களுக்குப் பதினாறு. பதினாறுக்கும் கீழே கேட்கிறவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பிளாஸ்டிக் ஸ்டாண்டு விற்கும் கடைக்கு நானே வழியும் சொல்லி அனுப்பிவிடுவேன். வியாபாரத்தில் யாரையும் மனம் நோக விடக்கூடாது.

நீங்கள் மாமா இறந்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள், நான் பெஞ்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள் மேடம். இரண்டும் ஒரே கதைதான். கலியமூர்த்தி மாமா எப்படிச் செத்தார், அதில் இந்த கஜபதியின் பங்கு எவ்வளவு என்பதை நான் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசியில் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடியும்.

என் அப்பா அம்பத்தூரில் பழைய மரக் கடை வைத்திருந்தார். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் வாங்கி விற்பார். வீட்டை இடிக்கிறவரிடம், "இத யாருப்பா வாங்குவா, வெறும் விறகு" என்பார். அதே கதவை வீடு கட்டுகிறவரிடம், "பர்மா தேக்கு சார், இந்த மாதிரி மரம் இனிமே பொறந்துதான் வரணும்" என்பார். இரண்டையும் ஒரே நாளில், ஒரே முகத்தோடு சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வாங்கும்போது ஒரு விலை, விற்கும்போது ஒரு விலை. நடுவில் இருந்ததைத்தான் நாங்கள் சாப்பிட்டு வளர்ந்தோம். எனக்குக் காய்ச்சலுக்கு ஊசி போட்ட டாக்டரிடமே, "கடைசியா எவ்ளோன்னு சொல்லுங்க" என்று கேட்டவர் அவர். டாக்டர் பத்து ரூபாய் குறைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கலியமூர்த்தி மாமா என் அம்மாவின் தம்பி. கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆவடி டேங்க் ஃபேக்டரியில் சேர்ந்தவர். குவார்ட்டர்ஸில் பாதி ஆயுள் ஓடியது. பிறகு பட்டாபிராமில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், தரைத்தளத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கினார். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலே வீடுகள். மாமாவின் வாசலுக்கு நேர் எதிர் வாசல் ஜமீலாவுடையது. ஜமீலா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவர். வெளிச்சத்துக்காக மெஷினை வாசல் பக்கம் போட்டிருப்பார்.

அத்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது மாமாவுக்கு உடனடியாகப் பணம் தேவைப்பட்டது. உடனடி என்பது அழகான சொல். விற்கிறவர் வாயிலிருந்து அது வந்துவிட்டால் விலை தானாகப் பாதியாகிவிடும். நான் அந்தப் பாதி விலையைக் கொடுத்து ஃப்ளாட்டை வாங்கினேன். சொந்தக்காரன் என்பதால் புரோக்கர் கமிஷன் மிச்சம் என்று மாமாவுக்கு எடுத்தும் சொன்னேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"நான் இருக்கிற வரைக்கும் இந்த ஊட்டுலதான் இருப்பேன் நைனா. அப்பாலிக்கா நீ இன்னா வேணா பண்ணிக்கோ."

"உங்கள யாரு மாமா போவச் சொன்னா? தாராளமா இருங்க" என்றேன். அதை எழுதியும் கொடுத்தேன்.

எல்லாம் அந்த ‘இருக்கிற வரைக்கும்’ என்பதில்தான் இருக்கிறது மேடம். மாமாவுக்கு அப்போதே சர்க்கரை, பிபி, நெஞ்சில் ஒரு ஸ்டென்ட். சாயங்காலம் ஆனால் கால் வீங்கிவிடும். பழைய கட்டிலைத் தட்டிப் பார்த்தே இது இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்கிற குடும்பம் எங்களுடையது. நான் மாமாவை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்து, ஐந்து வருடம், மிஞ்சிப்போனால் ஆறு என்று கணக்குப் போட்டேன்.

அத்தை சில மாதங்களில் போய்விட்டார். மாமா இருந்தார். ஆறு வருடம் தாண்டியும் இருந்தார். பத்து வருடம் தாண்டியும் இருந்தார். பட்டாபிராமில் ஐடி கட்டடம் வந்து ஃப்ளாட்டின் விலை மூன்று மடங்கு ஏறியபோதும், விலை கேட்டு வந்த புரோக்கருக்கு மாமாவே தண்ணீர் கொடுத்து, "நான் இன்னும் கீறேன்பா, அப்புறமா வா" என்று அனுப்பினார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சர்க்கரை இல்லாத கேக் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"இன்னா நைனா மூஞ்சி தொங்குது? இந்த வருசமும் நீ ஏமாந்தியா?" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவை உள்ளவர்.

எனக்கு மாமாமேல் கோபமே கிடையாது. அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த வியாபாரத்திலும் டெலிவரி தேதி என்று ஒன்று உண்டு. அது தாண்டிப்போனால் பணம் கொடுத்தவன் விசாரிக்கத்தான் செய்வான்.

போன வருடம் தீபாவளி சமயத்தில் டெலிவரி வந்துவிட்டது என்றே நினைத்தேன். மாமா இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிட மறந்துவிட்டார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். குரல் எழும்பவில்லை. அவரைக் காப்பாற்றியது அவருடைய செருப்பு.

மாமாவிடம் இருந்தது ஒரே ஜோடிதான், பழுப்பு நிறத் தோல் செருப்பு. அது கிழிந்து தைக்க முடியாமல் போன பிறகுதான் அடுத்தது வாங்குவார். காலையில் டீக்கடைக்குப் போவார், திரும்பி வந்து வாசலில் கழற்றிவிடுவார். ஜமீலா தைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொள்வார். செருப்பு இல்லை என்றால் பெரியவர் வெளியே, இருந்தால் உள்ளே. அன்றைக்கு டீக்கடை நேரம் தாண்டியும் செருப்பு வாசலிலேயே கிடந்தது. டிவி சத்தமும் இல்லை. ஜமீலா கதவைத் தட்டிப் பார்த்து, பதில் இல்லாமல், மாடி வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்துவிட்டார். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றியதும் மாமா கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, கதவை உடைத்தது யார் என்று கேட்டாராம்.

நான் போனபோது தெருவே அங்கே இருந்தது.

"செருப்பு கெடக்குதுண்ணே, ஆளு சத்தமே இல்ல. மனசு கேக்கல எனக்கு" என்றார் ஜமீலா.

"பாத்தியா நைனா, உங்க அத்த போனப்புறமும் என் செருப்ப பாத்துகினு இருக்க ஒரு ஆளு கீது" என்றார் மாமா. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வந்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, பெரியவருக்கு இப்படி அடிக்கடி ஆகலாம், கொஞ்சம் இனிப்பு உள்ளே போனால் போதும், எழுந்துவிடுவார், போகாவிட்டால்தான் ஆபத்து என்று விளக்கினார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

நம் ஊரில் கதவு மூடியிருந்தாலும் வாசல் பேசும் மேடம். மருமகன் வந்திருக்கிறானா, கடன் கேட்க வந்தவர் இன்னும் போகவில்லையா, பெண் பார்க்க எத்தனை பேர் திரண்டு வந்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் செருப்பு சொல்லிவிடும். இத்தனை வருடம் மரச்சாமான் விற்றும் அது என் புத்தியில் ஏறியதில்லை. உடைந்த கதவுக்குப் பதில் என் செலவிலேயே ஒரு நல்ல கதவு போட்டுக்கொடுத்தேன். இந்த முறை லேசில் உடையாத கதவு. ஒரு சாவியை நானும் வைத்துக்கொண்டேன். பிறகு கடைக்கு வந்து, ஒரு பழைய கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் செருப்பு பெஞ்சை வரைய ஆரம்பித்தேன்.

மாமாவுக்கு முட்டி வலி. நின்றுகொண்டு செருப்பு மாட்டச் சிரமப்படுவார். வாசலில் உட்கார்ந்து மாட்ட ஒரு பெஞ்ச், அதற்குள்ளேயே செருப்பு வைக்க இடம். யோசித்துப் பாருங்கள், இதைவிட அக்கறையான பரிசு உண்டா? டேப் எடுத்துப் போய் அவர் முட்டிக்குப் பின்னாலிருந்து தரைவரை அளந்தேன். வழக்கமான பெஞ்சுக்குப் பதினாறு அங்குல உயரம் போதும். அதில் மாமா உட்கார்ந்தால் எழ மாட்டார். பதினெட்டு வைத்தேன். அகலம் அதிகமானால் நடைவழியில் போகிற வருகிறவர்களை இடிக்கும், அதனால் பதினான்கோடு நிறுத்திக்கொண்டேன். ஊன்றி எழ ஒரு பக்கம் கைப்பிடி. சட்டங்கள் எல்லாம் தேக்கு. உட்காருகிற பலகை, கொரட்டூரில் இடித்த ஒரு வீட்டின் கதவு. ஒரு இடத்திலும் ஆணி கிடையாது. காலில் துளை எடுத்து, குறுக்குச் சட்டத்தின் முனையைச் சீவி அதற்குள் இறக்கிப் பசை போட்டது. பெஞ்ச் ஆடக்கூடாது என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும்.

என்னிடம் வேலை செய்கிற தச்சர் ஆனந்தன் வாய் சும்மா இருக்காது.

"இன்னா ஓனரு, ஒத்த ஆளு குந்தறதுக்கு இவ்ளோ மரமா? யானை கீனை வருதா?"

"மாமா ரொம்ப நாள் இருக்கணும் ஆனந்தா."

"அவரு இருக்கறதுக்கா இது? இது அவரு பேரன் காலத்துக்கும் இருக்குமே."

"பேரன் இல்ல அவருக்கு. நீ இழைக்கிற வேலையைப் பாரு."

முதலில் செய்தது பெட்டி மாதிரி. உட்காரும் பலகையைத் தூக்கினால் உள்ளே செருப்பு வைக்கலாம். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், மாமா பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், செருப்பு கீழே தரையில் கிடக்கிறது. அந்த ஒரு ஜோடிக்கு நான் தேக்கில் ஷோரூம் கட்டிக்கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

"எழுந்து நின்னு, பலகைய தூக்கி, குனிஞ்சி செருப்ப எடுத்து உள்ள வெக்கணும். அதுக்கு இன்னொரு ஆளு வேணும் நைனா. அந்த ஆளையும் மரத்துலயே செஞ்சி குடுத்துடு" என்றார்.

வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்காதவன் கடையை மூடிவிட்டுப் போகலாம். பெஞ்சைத் திரும்ப எடுத்துவந்து வயிற்றையே மாற்றினேன். பலகை அசையாது. முன்பக்கம் முழுவதும் ஒரு கதவு, அடியில் கீல் வைத்தது, மேல் விளிம்பு மட்டும் வெளியே சாயும். உள்ளே சறுக்கல் பலகை. உட்கார்ந்தபடியே கதவின் விளிம்பைக் கையால் இழுத்து, செருப்பைக் காலாலேயே தள்ளிவிட்டால் அது சறுக்கிக்கொண்டு உள்ளே போய் நிற்கும். குனியவே வேண்டாம். கையை எடுத்தால் கதவு தானாக மெதுவாக மூடிக்கொள்ளும். சத்தமே வராத கீல், விலை கொஞ்சம் கூட. உள்ளே நாற்றம் அடிக்காமல் இருக்கக் காற்றுக்கு இடைவெளி விட வேண்டுமல்லவா? ஆனந்தன் முன்பக்கக் கதவில் பட்டை பட்டையாக இடைவெளி விடலாம், அழகாக இருக்கும் என்றான். வேண்டாம், சுவர்ப்பக்கம் விடு என்றேன். காரணம் கேட்டான். முன்னால் விட்டால் உள்ளே இருக்கிற செருப்பு தெரியும், பார்க்க நன்றாக இருக்காது என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

மாமாவுக்கு அது குழந்தைக்குக் கிடைத்த பொம்மை மாதிரி ஆகிவிட்டது.

"இது பெஞ்சு இல்ல நைனா, மேஜிக்கு. போட்டா காணாப் போவுது பாரு."

ஃபேக்டரி சிநேகிதர்களை எல்லாம் டீக்கடையிலிருந்து அழைத்து வந்து காட்டினார். என் அக்கா மகன் செய்தது, எனக்காக ரெண்டு தடவை செஞ்சான் என்று பெருமையடித்தார். அந்த வாரமே எனக்கு மூன்று ஆர்டர் வந்தது. செய்த நல்லது எப்போதும் வேறு வழியாகத் திரும்பி வரும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பிடிக்காதவர் ஒருவர்தான்.

"அண்ணே, பெஞ்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா பெரிப்பா உள்ள இருக்காரா, வெளிய போயிருக்காரான்னே தெரிய மாட்டேங்குது" என்றார் ஜமீலா.

"பெல்லு இருக்குல்லம்மா, அடிச்சிப் பாரு."

"தெனம் பெல் அடிச்சி, உசுரோட இருக்கீங்களான்னா கேக்கறது?"

மாமா கடகடவென்று சிரித்தார். "கேளேன். இருந்தா சொல்றேன்" என்றார். ஆனாலும் ஜமீலாவின் திருப்திக்காக அதன்பிறகு சில நாள் செருப்பைத் தரையிலேயே விட்டார். சில நாள் மேஜிக் காட்டும் ஆசையில் உள்ளே தள்ளினார். மாமா எதிலும் ஒரு நிலையாக இருக்கிறவர் இல்லை, இருப்பதைத் தவிர.

போன மாதம் ஒரு நாள் காலையில், விளம்பரத்துக்குப் பெஞ்சைப் படம் எடுக்கலாம் என்று பட்டாபிராம் போனேன். மாமாவின் செருப்பு அன்று தரையில் கிடந்தது. பெல் அடித்தேன். உள்ளே ஏதோ முனகல். என் சாவியால் திறந்துகொண்டு உள்ளே போனேன். போகும்போது என் செருப்பை வாசலில் கழற்றிவிட்டேன். செருப்பை மறைப்பதற்கென்றே ஒரு பெஞ்சை இரண்டு முறை செய்தவன் நான். அப்படிப்பட்டவனே அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில், வெறும் தரையில் கழற்றிவிட்டுத்தான் போனேன். செருப்புக் காலோடு ஒரு வீட்டுக்குள் நுழைய என்னால் முடியாது மேடம். வளர்ப்பு அப்படி.

உள்ளே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். வெளியே நடந்தது எனக்கு அப்போது தெரியாது, நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மாமா வீட்டில் ஏதோ விழுந்த சத்தம் ஜமீலாவுக்குக் கேட்டிருக்கிறது. அடுப்பில் பால் பொங்கும் நேரம். இறக்கி வைத்துவிட்டு, தட்டிப் பார்க்கலாம் என்று ஓடி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் மாமாவின் செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பு. அண்ணன் வந்துவிட்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாகத் திரும்பிப் போய்த் தைக்க உட்கார்ந்துவிட்டார். நேற்று இந்தப் போலீஸ் ஸ்டேஷனில், இதே அறைக்கு வெளியே என்னைப் பார்த்து அவர் சொன்னது ஒரே வார்த்தைதான். "உங்க செருப்ப நம்பிட்டேன்ணே" என்றார். அழக்கூட இல்லை.

நான் வெளியே வந்து கதவைப் பூட்டியபோது ஜமீலா மெஷினில் தலை குனிந்திருந்தார். மாமாவின் செருப்பைக் காலால் பெஞ்சுக்குள் தள்ளினேன். கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. அந்தக் கீலுக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை. இப்போது வாசல் சுத்தமாக இருந்தது, வெளிச்சமும் நன்றாக விழுந்திருந்தது. வந்த வேலையை விடக்கூடாது என்று இரண்டு படம் எடுத்தேன். விளம்பரத்தில் நீங்கள் பார்த்தது அதில் ஒன்றுதான்.

என் செருப்பை மாட்டிக்கொண்டு ஜமீலாவிடம் போனேன்.

"ஏதோ சத்தம் கேட்டுச்சேண்ணே?"

"நான்தாம்மா கட்டில நகத்தினேன். மாமா படுத்திருக்கார், எழுப்பாத. மத்தியானமா வந்து எங்க வூட்டுக்கு இட்டுகினு போறேன். ரெண்டு நாள் இருக்கட்டும்."

"நல்லதுண்ணே. ஒரு வேளையாவது வாய்க்கு ருசியா சாப்பிடட்டும்."

அன்றைக்கு அவர் தைத்த பிளவுஸ்களைக் கொடுக்க நெமிலிச்சேரி போக வேண்டியிருந்தது. மத்தியானம் போனில் கூப்பிட்டு, மாமாவைக் கூட்டி வந்துவிட்டேன் என்று சொன்னேன். ஜமீலா திரும்பி வந்தபோது மாமாவின் வாசலைப் பார்த்திருக்கிறார். செருப்பு இல்லை. ஆளும் இல்லை என்று எடுத்துக்கொண்டார். என் பேச்சை மட்டும் அவர் நம்பியிருக்க மாட்டார் மேடம். வியாபாரியின் பேச்சுக்கு ஊரில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியாதா? வாசலையும் பார்த்ததால் நம்பினார். பெஞ்ச் எதற்காகச் செய்தேனோ அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது.

மறுநாள் மழை. மாமாவுக்கு வந்த பேப்பர் நனைந்துகொண்டிருக்கிறதே என்று, அதை எடுத்துப் பெஞ்சுக்குள் வைப்பதற்காக ஜமீலா அதன் முன்கதவை இழுத்தார். உடனே எனக்கு போன் வந்தது.

"அண்ணே, பெரிப்பா உங்க வூட்டுக்கு வெறுங்காலோடயா வந்தாரு?"

எந்த விலை கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவன் நான். எத்தனையோ பேர் என்னை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு, "கேக்கலம்மா, சிக்னல் இல்ல" என்றேன். ஜமீலா போனை வைத்துவிட்டுக் கதவை உடைக்க ஆள் கூப்பிட்டார். நல்ல கதவு, இந்த முறை நேரம் ஆனது. ஆனால் அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை, மாமா முந்தின நாளே போயிருந்தார்.

அந்தச் செருப்பைக் கையோடு எடுத்துப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே, ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று நேற்று கேட்டீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது மேடம். நான்கு தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். அடுத்தவர் வாசலில் இருந்து செருப்பு எடுத்துக்கொண்டு போகிறவன் மாதிரியா தெரிகிறேன்?

இனி உள்ளே நடந்தது.

மாமா ஃப்ரிட்ஜில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வாய் குழறினாலும் ஆள் தெளிவாகத்தான் இருந்தார்.

"வந்துட்டியா நைனா. நல்ல நேரத்துல வந்த. சக்கர எறங்கிச்சி."

சர்க்கரை நோய் வந்த நாளிலிருந்து மாமா வீட்டில் சர்க்கரையே வாங்குவதில்லை. அவசரத்துக்குச் சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருப்பார்; இருந்ததை முந்தின நாள் ஜமீலாவின் மகளுக்குக் கொடுத்துவிட்டாராம். பையைத் துழாவி ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தெருமுனை கடைல ஒரு கலரு சோடா வாங்கியா. சீக்கிரம்."

நோட்டை வாங்கிக்கொண்டேன். "சரி மாமா" என்றேன். கடை பத்து வீடு தள்ளி இருந்தது. ஜமீலாவிடம் கேட்டால் அதுகூட வேண்டாம், நேர் எதிரே சர்க்கரை இருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. நான் அதில் உட்கார்ந்தேன்.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, குந்திகினு கீற?"

"போறேன் மாமா."

போகவில்லை. மாமாவும் அப்பாவின் கடைக்கு வந்து போய்ப் பழகியவர்தான். எதிரில் இருப்பவன் விலைக்குப் படியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவருக்குத் தெரியும். நோட்டை வைத்திருந்த என் கையைப் பார்த்தார். பிறகு கஷ்டப்பட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மீதிய... நீயே வெச்சிக்கோ நைனா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கண் சொருகி, தலை பக்கவாட்டில் சாய்ந்தது. குறட்டை மாதிரி மூச்சு வந்தது. இனி எழுப்பினாலும் எழ மாட்டார் என்று தெரிகிறவரை நான் நாற்காலியை விட்டு நகரவில்லை. கொஞ்சம் இனிப்பு வாயில் போயிருந்தால் எழுந்து உட்கார்ந்து, வழக்கம்போல என்னைக் கேலி பேசியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். நான் கதவைப் பூட்டியபோது மாமா இருந்தார். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. ஃப்ளாட்டுக்கு உண்டான பணம் அன்றே முழுவதுமாகக் கொடுத்தாகிவிட்டது, அதில் பேச்சில்லை. கதவும் பூட்டும் என் செலவு. பெஞ்ச் பரிசாகக் கொடுத்தது, இரண்டு முறை செய்த கூலியைக் கூட நான் சேர்க்கவில்லை. மாலை, வண்டி, காரியம் எல்லாம் நான்தான் பார்த்தேன். ஒருவரிடமும் கை நீட்டவில்லை. கலர் பாட்டில் இருபது ரூபாய். மாமா கொடுத்தது நூறு. மீதி எண்பதை நான் கேட்டு வாங்கவில்லை, வைத்துக்கொள்ளச் சொல்லி அவராகவே கொடுத்தது.

ஆக, மாமாவுக்கு நான் தர வேண்டிய பாக்கி இருபது ரூபாய்.